வெள்ளையர் யார்?

கேள்வி: ஒரு நாட்டில் உழைத்து, வரி கட்டி, அதன் ராணுவத்திலும் சேர்ந்தவரைக்கூட அந்நியர் என்று ஒதுக்குகிறார்களே, சட்டம் அவருக்குத் துணை நிற்காதா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: நிற்கும் என்று நம்பித்தான் பகத்சிங் திந்த் (விடுதலை வீரர் பகத்சிங் வேறு) அமெரிக்க நீதிமன்றத்தை நாடினார். பஞ்சாபில் பிறந்த இந்தச் சீக்கியர் 1913-இல் அங்கு சென்று, 1918-இல் அந்நாட்டு ராணுவத்தில் தலைப்பாகையோடு பணியாற்றி, அவ்வாண்டே குடியுரிமையும் பெற்றார். சில நாள்களிலேயே அது ரத்தானது. 1920-இல் மீண்டும் கிடைத்தபோது அரசு மேல்முறையீடு செய்தது.

குடியேறியவர்களில் வெள்ளையருக்கு மட்டுமே குடியுரிமை என்றது 1790-ஆம் ஆண்டுச் சட்டம். 1870-இல் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் சேர்க்கப்பட்டனர். ஜப்பானியரான தகாவோ ஒசாவா, தம் தோலும் வெளுப்புதானே என்று வாதாடியபோது, வெள்ளையர் என்றால் காகேசிய இனத்தார் (ஐரோப்பியர் முதலியோரை அன்றைய இனவியலார் அடக்கிய பிரிவு) என்று கூறி உச்ச நீதிமன்றம் 1922-இல் அவரது கோரிக்கையை நிராகரித்தது. வட இந்தியரைக் காகேசியர் என்றே இனவியலார் வகுத்திருக்கிறார்கள் என்று திந்த் தரப்பு சுட்டிக்காட்டியதும், மூன்றே மாதங்களில், அறிவியலார் சொல்வது பொருட்டல்ல, சாதாரண மனிதர் யாரை வெள்ளையராகக் கருதுகிறாரோ அவரே வெள்ளையர், திந்த் அல்லர் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரு தீர்ப்புகளையும் எழுதிய நீதிபதி ஜார்ஜ் சதர்லாந்து, இங்கிலாந்தில் பிறந்து குழந்தையாக அமெரிக்கா வந்தவர். அவரிடம் எவரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

திந்த் தரப்பின் வாதமும் நமக்குப் பெருமை தருவதன்று. தாம் உயர்சாதி ஆரியர் என்பதையும், இந்தியப் பழங்குடியினரைத் தம் சாதியார் தாழ்வாகவே எண்ணுவதையும் தகுதியாக முன்வைத்தார்கள். வாசலில் நிற்கும்போதும் பின்னால் நிற்பவரை மிதிக்க மறக்கவில்லை. முதல் உலகப்போர் வீரர்களுக்கான 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே 1936-இல்தான் அவருக்குக் குடியுரிமை நிலைத்தது. மற்ற இந்தியருக்கு 1946-இல்.

கேள்வி: அங்கேயே பிறந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை அல்லவா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: சட்டத்தில் இல்லை. சான்பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க் அமெரிக்கக் குடிமகனே என்று 1898-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் எதிரியானதும், 1942 முதல் முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்ட சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரில் மூன்றில் இரு பங்கினர் அந்நாட்டிலேயே பிறந்த குடிமக்கள். அதே போரில் எதிரிகளாக இருந்தும், ஜெர்மன், இத்தாலிய நாடுகளின் வம்சாவளிக் குடிமக்களை அவ்வாறு ஒட்டுமொத்தமாக அடைக்கவில்லை.