சருகோடு சருகாக

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐரோப்பியக் காடுகளில் வுட்காக் பறவையைப் படமெடுப்பவர்களின் காணொளிகளை ஒரு வருடமாகப் பார்த்துவருகிறேன். வெறும் சருகுதான் தெரியும். உற்றுப் பார்த்தால் நடுவில் ஒரு கண்! அப்படி ஒரு படமாவது எடுக்க வேண்டுமென்று 600 எம்.எம். லென்ஸ் வாங்கி, மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நன்மங்கலம் பக்கம் அலைந்தேன். ஒருமுறை காலடியிலிருந்து ஏதோ பழுப்பாக எழுந்து போனது, அவ்வளவுதான். சென்னைப் பக்கம் வுட்காக் உண்டா? இல்லையென்றால் எதைத் தேடலாம்? குரலைப் பதிவிறக்கி ஒலிக்கவிட்டால் வரும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

ஆர்., குரோம்பேட்டை

அன்புள்ள ஆர்.,

வுட்காக்கைச் சென்னையில் தேட வேண்டாம். குளிர்காலத்தில் நீலகிரி போன்ற மலைகளின் சோலைக்காடுகளுக்கு வந்து, வெயில் ஏறுமுன் வடக்கே திரும்பிவிடும் பறவை அது. நீங்கள் காணொளியில் பார்க்கும் இளவேனில் காடு அதன் சொந்த ஊர். அதன் பங்காளிகளான உள்ளான்கள் பனிக்காலத்தில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வரும். கோரைக்குள் அவை பதுங்குவதும் லேசுப்பட்டதல்ல.

ஆனால் உங்கள் காலடியிலிருந்து எழுந்து போனதே, அது பக்கி என்னும் இரவுப் பறவையாக (நைட்ஜார்) இருக்கவே வாய்ப்பு அதிகம். சிறகடிக்கும் சத்தம்கூடக் கேட்டிருக்காது, இல்லையா? பக்கிக்கும் வுட்காக்குக்கும் உறவில்லை. இருந்தாலும் இரண்டும் கற்ற வித்தை ஒன்று. வேம்பு இலையுதிர்த்து முடித்திருக்கும் மாசி, பங்குனியில், அந்தச் சருகின் நிறமெல்லாம் பக்கியின் முதுகில் இருக்கும்.

வுட்காக்கைக் காட்டிக்கொடுப்பது அதன் கண். தலையில் மேலே, பின்தள்ளி அமைந்த பெரிய கரிய கண்கள். தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். பக்கி பகலில் கண்ணைக் கோடு போலச் சுருக்கிக்கொண்டு, அந்த இடுக்கு வழியே உங்களைக் கவனிக்கும். ஆகவே கண்ணைத் தேடிப் பயனில்லை. நான் தேடுவது இறகின் கோடுகளை. சருகுகள் நாலா பக்கமும் கலைந்து கிடக்கும். அதற்கு நடுவே ஒரு கையகலத்துக்கு எல்லாக் கோடுகளும் ஒரே பக்கம் ஓடினால் அங்கே நின்றுவிடுவேன். உச்சந்தலையின் கருங்கீற்றுகள் அப்படித்தான் முதலில் பிடிபடும்.

அதற்கும் முன்னால் காது வேண்டும். இருட்டத் தொடங்கியதும் காட்டோரச் சாலையில் நின்று கேளுங்கள். சிமெண்ட் தரையில் கோலிக்குண்டு விழுந்து, இடைவெளி குறுகக் குறுகத் துள்ளி அடங்குவது போல ஒரு குரல் வரும். எந்தப் பக்கம் என்று குறித்துக்கொண்டு, மறுநாள் காலையில் உரிய அனுமதியோடு போய்ப் பாருங்கள். பகலில் அமரும் இடத்துக்குப் பக்கி திரும்பத் திரும்ப வரும்.

படமெடுப்பதில் ஒன்று சொல்ல வேண்டும். இப்போது எல்லோரும் பின்னணியை வெண்ணெய் போலக் கரைத்துவிடுகிறார்கள். பக்கிக்கு அது பொருந்தாது. சருகைக் கரைத்தால் பறவை தனியே பிரிந்து வந்துவிடும். நீங்கள் அரைமணி நேரம் பட்ட பாடு படத்தில் இருக்காது. லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி எஃப் 8, எஃப் 11 என்று வையுங்கள், சருகும் தெளிவாக விழும். பறவை படத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும். தானியங்கி ஃபோகஸ் முன்னால் இருக்கும் புல்லைப் பிடித்துக்கொள்ளும், அதனால் ஒற்றைப் புள்ளியில் வைத்து, கடைசித் திருத்தத்தைக் கையால் செய்யுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

குரலை ஒலிக்கவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. இது பக்கி முட்டையிடும் காலம். இல்லாத எதிரியைத் துரத்தவோ, இல்லாத துணையைத் தேடவோ அதை அலையவிடுவது நியாயமில்லை.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன், தாம்பரம் தாண்டி ஒரு புதர்க்காட்டில், அடைகாத்துக்கொண்டிருந்த ஒரு பக்கியைக் கண்டேன். பக்கி கூடு கட்டாது; வெறுந்தரையில் இரண்டு முட்டை, அவ்வளவுதான். அதன் முகத்துக்கு முன்னால் ஒரு காய்ந்த சுள்ளி மறைத்தது. மெல்ல நகர்ந்து போய் அதை எடுத்தேன். பறவை எழுந்து, இறக்கை ஒடிந்தது போலத் தரையில் புரண்டு என்னை வேறு பக்கம் இழுத்துப் பார்த்தது. நான் பின்வாங்கியதும் திரும்பி வந்து அமர்ந்தது. நல்ல படம் கிடைத்தது. இரண்டு நாள் கழித்துப் போனேன். முட்டைகள் இல்லை, ஓட்டுத் துண்டுகூட இல்லை. காகமோ கீரியோ, தெரியாது. அந்தச் சுள்ளி அங்கேயே இருந்திருந்தால் என்று இன்றும் நினைக்கிறேன். அந்தப் படத்தை நான் யாருக்கும் காட்டியதில்லை.

அப்புறம் ஜாம்பியாவில் நடந்த ஓர் ஆய்வைப் படித்தேன், 2016-ல் வெளியானது. தரையில் அடைகாக்கும் பக்கிகளின் இறகு சுற்றியுள்ள தரையோடு எவ்வளவு ஒத்துப்போகிறதோ, அவ்வளவுக்கு அவற்றின் முட்டைகள் தப்புகின்றன என்று கண்டிருந்தார்கள். அடுத்த வருடம் அதே குழு இன்னொன்றும் சொன்னது: ஒவ்வொரு பறவையும் தன் உடம்புக்குப் பொருந்தும் தரையாகப் பார்த்துத்தான் அமர்கிறது. அப்படியானால் நான் எடுத்தெறிந்தது அது தேர்ந்தெடுத்த வீட்டின் ஒரு சுவர்.

எனவே ஒரு சுள்ளியையும் தொடாதீர்கள். பறவை தெரிந்ததும் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். உங்கள் 600 எம்.எம். லென்ஸ் அதற்குத்தான். முட்டை இருப்பது தெரிந்தால் படமே எடுக்காமல் திரும்பிவிடுங்கள். இடத்தின் பெயரை எங்கும் பதிவிட வேண்டாம், படத்தில் ஒட்டிக்கொள்ளும் ஜி.பி.எஸ். குறிப்பையும் நீக்கிவிடுங்கள்.

இந்தப் பங்குனி முடிவதற்குள் ஒரு சனிக்கிழமை மாலை வாருங்கள், சேர்ந்தே போகலாம். கேமரா வேண்டாம். அன்றைக்குக் கேட்க மட்டும்தான் போகிறோம்.

அன்புடன்