குடும்ப கம்பெனி கதையில் மறைந்திருந்த வாரிசு வந்ததும் கம்பெனி அவர் கைக்குப் போய்விடுமா?

உடனே போகாது. டிஎன்ஏ அறிக்கை வந்த மறுநாளே நாற்காலியில் உட்கார வைப்பதுதான் இந்தக் கதைகளின் பெரிய ஓட்டை. வாரிசுக்குக் கிடைப்பது பங்குகள். பதவி தருவது இயக்குநர் குழு.

முதலில் கணக்கைப் போடுங்கள். அப்பாவிடம் 60%, அண்ணன் தம்பிக்குத் தலா 20%. அம்மா இல்லை, உயிலும் இல்லை. வாரிசு இருவர் மட்டும் என்றால் 50-50. சண்டை வந்தால் எந்தத் தீர்மானமும் நகராது. மூன்றாமவர் வந்து அப்பாவின் பங்கு சமமாகப் பிரிந்தால் 40-40-20. தான் முதலாளி ஆகாமலே, யார் முதலாளி என்பதை அவர் முடிவு செய்வார். பகைக்கு இதைவிட நல்ல தீனி ஏது?

உயில் இருந்தால், சட்டத்தைப் பொறுத்து, அவருக்கு ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம். வழக்கு முடியும்வரை அந்த 60%-க்கு வாக்களிப்பவர் யார் என்பதையும் எழுதுங்கள். பெரும்பாலும் அது சொத்து நிர்வாகி, அதாவது இறந்த அப்பாவின் சொத்தைக் கவனிக்க நியமிக்கப்படுபவர். அவரை நியமிப்பதிலேயே முதல் சண்டையை வைக்கலாம்.