அறுபது தாண்டினால் முகத்துக்குக் கிறீம் பூசக் கூடாதா?

கேள்வி: எனக்கு 64 வயது. கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறேன். கன்னத்தில் கரும்புள்ளியும் சுருக்கமும் கூடிவிட்டன. தெரிந்தவர் ஒருவர் கொடுத்த லேபிள் இல்லாத கிறீமை இரண்டு மாதமாகப் பூசுகிறேன். முகம் வெளுத்தது, ஆனால் வெயில் பட்டால் எரிகிறது. "இந்த வயதில் யாருக்குக் காட்ட?" என்கிறாள் மருமகள். நிறுத்தவா?

பதில்: அம்மா, கிறீமை இன்றே நிறுத்துங்கள். மருமகளின் கேள்வியை ஒரு பக்கம் வையுங்கள். எழுபது வயது மாமா தலைக்கு டை அடித்துக்கொண்டு கலியாண வீட்டுக்கு வந்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. பெண் பூசினால்தான், அதுவும் கணவரை இழந்தவர் என்றால், ஊரே கேட்கும். வெட்கப்பட்டு ஒளித்துப் பூசுவதால்தான் இப்படிப் பெயரில்லாத டப்பாக்கள் விலைபோகின்றன.

சில வாரத்தில் முகம் வெளுக்கிறது என்றால் உள்ளே பெரும்பாலும் ஸ்டீரொய்ட் (அழற்சியைத் தணிக்கும் மருந்து), ஹைட்ரோகுயினோன் (தோலை வெளுக்கும் இரசாயனம்), பாதரசம் மூன்றில் ஒன்று இருக்கும். வயதோடு மெலிந்த தோலை ஸ்டீரொய்ட் இன்னும் மெலிய வைக்கும், எரிச்சலுக்கு அதுவும் காரணமாகலாம். பாதரசம் தோலோடு நிற்காது, சிறுநீரகத்தைப் பாதிக்கும். கன்னத்தோடு கன்னம் வைக்கும் பேரப்பிள்ளைக்கும் ஒட்டும். "தங்க நகையில் படக் கூடாது" என்று சொல்லி விற்றிருந்தால் தங்கத்தைக் கெடுக்கும் பாதரசத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

டப்பாவை நன்றாக மூடி, பையில் கட்டி, தோல் டொக்டரிடம் கொண்டுபோங்கள். பாதரசம் ஏறியிருக்கிறதா என்று சிறுநீரில் பார்க்கலாம். ஸ்டீரொய்ட்டை விட்டதும் முகம் சிவந்து பொங்கக்கூடும். அதைக் கண்டு பயந்து பலர் பழைய டப்பாவுக்கே திரும்புகிறார்கள். நீங்கள் திரும்ப வேண்டாம், அதற்கு டொக்டர் மருந்து தருவார்.

அப்புறம் என்ன பூசுவது? கொழும்பு வெயிலுக்கு சன்ஸ்கிறீன்தான் முதல் மருந்து. டப்பாவில் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப். (வெயில் காப்பு அளவு) 30க்குக் குறையாமல் வாங்கி, முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் எடுங்கள். வெளியில் நின்றால் 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள். கொழும்பின் காலி வீதியில் பஸ் ஜன்னலோரம் இருந்தாலும் தேவை, சுருக்கம் தரும் கதிர் கண்ணாடியையும் கடக்கும். குளித்த ஈரத்தோடு தேங்காயெண்ணெய் கைகாலுக்கு நல்லது, சுருக்கத்தை எடுக்காது. தேசிக்காய்ச் சாறு மட்டும் வேண்டாம், வெயிலில் தோலைப் பொசுக்கிவிடும். எரிச்சல் ஆறிய பிறகு, டொக்டர் சரி என்றால், இரவில் பட்டாணி அளவு ரெட்டினோல் (வைட்டமின் ஏ வகைக் கிறீம்) தொடங்கலாம். பலன் தெரிய மாதங்கள் ஆகும்.

கரும்புள்ளிகளில் ஏதாவது ஒன்று வளர்ந்தாலோ, ஓரம் கோணலாக இருந்தாலோ, இரத்தம் கசிந்தாலோ அதை டொக்டரிடம் தனியாகக் காட்டுங்கள்.