டேப்லெட் வந்துவிட்டது, எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: சென்ற ஆண்டு ஒரு பள்ளியில் தலைமையாசிரியையாகப் பொறுப்பேற்றேன். நிர்வாகம் எல்லா வகுப்புக்கும் ஸ்மார்ட் போர்டும், எட்டாம் வகுப்புக்கு மேல் எல்லோருக்கும் டேப்லெட்டும் வாங்கித் தந்திருக்கிறது. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஏற்ற பள்ளியாக மாற்றிக் காட்டுங்கள்" என்கிறார்கள். இளம் ஆசிரியர்கள் ஆர்வமாக இருக்கிறார்கள், மூத்தவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். 30 வருட அனுபவமுள்ள கணித ஆசிரியர், "என்னை விட்டுவிடுங்கள் மேடம், சாக்பீஸே போதும்" என்கிறார். மாணவர்களோ வீட்டுப்பாடத்தைச் செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கி வருகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
- ஒரு தலைமையாசிரியை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கணித ஆசிரியரிடமிருந்தே தொடங்குங்கள். அடுத்த வாரம் அவருடைய வகுப்பில் ஒரு பாடவேளை முழுக்கப் பின்பெஞ்சில் போய் உட்காருங்கள். கையில் மதிப்பீட்டுப் படிவம் எதுவும் வேண்டாம். அவர் கணக்குப் போடும்போது எந்த வரியில் பாதி வகுப்பு எழுதுவதை நிறுத்திவிட்டுப் பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வகுப்பு முடிந்ததும், "சார், இந்தப் பாடத்தில் வருஷா வருஷம் பிள்ளைகள் தடுமாறுகிற இடம் எது?" என்று கேளுங்கள். யோசிக்காமல் சொல்லிவிடுவார்.

அந்த இடத்துக்கு டேப்லெட் உதவுமா என்பதை அதற்கப்புறம் பார்க்கலாம். நேர்கோட்டு வரைபடம் என்றால் நன்றாகவே உதவும். கோட்டை விரலால் சாய்த்தால் சமன்பாட்டில் எந்த எண் மாறுகிறது என்று பிள்ளையே கண்டுபிடித்துவிடும். அதையே கரும்பலகையில் காட்ட வேண்டுமானால் படத்துக்கு மேல் படம் வரைந்து அழிக்க வேண்டும். பின்னக் கழித்தலில் தடுமாறுகிற பிள்ளைக்கோ பக்கத்தில் உட்கார்ந்து, அது எழுதுவதைப் பார்த்து, "இங்கே ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்க ஓர் ஆள்தான் வேண்டும். எங்கே எது வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர் உங்கள் சாக்பீஸ் ஆசிரியர். அவரை ஒதுக்கிவிட்டு நீங்கள் எந்த மாற்றத்தையும் செய்ய முடியாது.

கருவியை முதலில் வாங்கிவிட்டுப் பயனைப் பிறகு தேடிய கதைகள் உலகில் நிறைய உண்டு. பெரு நாட்டில் 2008 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினி கொடுத்தார்கள். 2012இல் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்து பார்த்தபோது, கணிதத்திலோ மொழியிலோ மதிப்பெண் கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கருவி பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சேர்ந்தது, வகுப்பில் பாடம் நடத்தும் முறை அப்படியே இருந்தது. உங்கள் நிர்வாகத்திடம் இந்த ஒரு செய்தியைக் கட்டாயம் சொல்லுங்கள்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகள்" என்று சொல்லும்போதே அவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். போனில் வேகமாக விரல் ஓடுவதைப் பார்த்து ஏமாறாதீர்கள். 2018இல் பல நாடுகளில் எட்டாம் வகுப்பு மாணவர்களின் கணினித் திறனைச் சோதித்தார்கள். இணையத்தில் கிடைக்கும் தகவலை அலசி எடைபோடும் மேல்நிலையை எட்டியவர்கள் 2 சதவீதம் மட்டுமே. பள்ளி கற்றுக்கொடுக்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது.

அதற்கு நல்ல வழி ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஏறக்குறைய ஒரே பெயர் கொண்ட இரண்டு குழந்தை மருத்துவர் அமைப்புகளின் இணையதளங்களைக் கொடுத்து, எதை நம்பலாம் என்று கேட்டார்கள். ஒன்று பல்லாயிரம் உறுப்பினர்கள் கொண்ட பழைய சங்கம், மற்றது அதிலிருந்து பிரிந்துபோன சிறு குழு. முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாய்வாளர்களும் மாணவர்களும் அந்தப் பக்கத்தையே மேலும் கீழும் படித்து, தோற்றத்தைப் பார்த்துத் தடுமாறினார்கள். செய்திகளைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்களோ பக்கத்தை விட்டு உடனே வெளியே வந்து, புதிய டேப் திறந்து, "இவர்கள் யார், மற்றவர்கள் இவர்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?" என்று தேடினார்கள். விடை சீக்கிரம் கிடைத்துவிட்டது. உங்கள் அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்கள் வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் இந்தப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தாலே போதும். தனிப் பாடமோ தனிப் புத்தகமோ வேண்டாம்.

வீட்டுப்பாட விஷயத்துக்கு வருகிறேன். செயற்கை நுண்ணறிவு எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை வாங்கித் தருகிறோம் என்று யாராவது வந்தால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே அப்படி ஒரு கருவியை 2023 ஜனவரியில் வெளியிட்டு, துல்லியம் குறைவு என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. தானே உட்கார்ந்து எழுதிய ஒரு பிள்ளையை "நீ எழுதவில்லை" என்று வகுப்பின் முன்னால் சொல்லிவிட்டால் அந்தக் காயம் ஆறாது. எனக்கு இந்த விஷயத்தில் இதுதான் பெரிய கவலை.

அதற்குப் பதிலாக வேலையின் இடத்தை மாற்றுங்கள். கட்டுரையை வகுப்பிலேயே எழுதட்டும், வாசிப்பும் தகவல் சேகரிப்பும் வீட்டில் நடக்கட்டும். வீட்டில் எழுதி வந்தால், அதிலிருந்து ஒரு பத்தியைக் காட்டி, "இதை உன் வார்த்தையில் சொல்லு" என்று இரண்டு நிமிடம் பேசட்டும். எழுதிய பிள்ளை மலர்ந்து பேசும், எழுதாத பிள்ளைக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தானாகவே தெரிந்துவிடும். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை.

கவனச் சிதறலும் இருக்கிறது. பல நாட்டு மாணவர்களின் கற்றலை ஒப்பிடும் பீசா (PISA) என்ற பன்னாட்டு ஆய்வில், 2022இல், வளர்ந்த நாடுகளின் 15 வயது மாணவர்களில் சராசரியாக 65 சதவீதம் பேர், சில கணித வகுப்புகளிலாவது டிஜிட்டல் கருவிகளால் கவனம் சிதறுவதாகச் சொன்னார்கள். எனவே டேப்லெட் எப்போது திறந்திருக்கும், எப்போது மூடியிருக்கும் என்பதை ஆளுக்கொரு விதமாக விடாமல் பள்ளி முழுவதற்கும் ஒரே விதியாக வையுங்கள். ஓர் ஆசிரியர் கண்டிப்பும் இன்னொருவர் தாராளமும் காட்டினால் கண்டிப்பானவர்தான் கெட்ட பெயர் வாங்குவார். அதைத் தாங்கிக்கொள்ள வேண்டியது நீங்கள். மூடிய நேரத்தையும் வீணாக்க வேண்டாம். பாடம் முடிந்ததும் எல்லாவற்றையும் மூடிவிட்டு, நினைவில் இருப்பதை வெற்றுத்தாளில் எழுதச் சொல்லுங்கள். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற உளவியல் ஆய்வாளர்கள் செய்த சோதனையில், திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட இப்படி நினைவுகூர்ந்து எழுதியவர்களுக்கே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது.

இதற்கெல்லாம் ஆசிரியர்களுக்கு நேரம் வேண்டும். பயிற்சி என்ற பெயரில் அவர்களை ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார வைத்துவிட்டு, திங்கட்கிழமை எல்லாம் மாற வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். கால அட்டவணையில் வாரம் ஒரு பாடவேளையை எடுத்து, ஒரு மூத்தவரும் ஓர் இளையவரும் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிட ஒதுக்குங்கள். பிள்ளைகள் எங்கே தடுமாறுவார்கள் என்பது மூத்தவருக்குத் தெரியும், கருவி இளையவருக்குத் தெரியும். அந்த நேரத்தைக் கண்டுபிடிக்க, இப்போது அவர்கள் செய்துகொண்டிருக்கும் ஏதாவது ஒரு பதிவேட்டு வேலையையோ கூட்டத்தையோ நீங்கள் நிறுத்தியாக வேண்டும். புதிதாக ஒன்றைச் சேர்த்துப் பழையதில் எதையும் குறைக்காவிட்டால், ஆர்வமாக இருக்கும் இளம் ஆசிரியர்களும் அடுத்த வருடம் ஒதுங்கிக்கொள்வார்கள். பாஸ்வேர்டு மறந்தது, சார்ஜ் இல்லை, வைஃபை வரவில்லை போன்றவற்றைப் பார்க்க ஆசிரியர் அல்லாத ஓர் ஆளைப் போடுங்கள்.

நிர்வாகம் இந்த ஆண்டு முடிவில் கணக்குக் கேட்கும். எத்தனை டேப்லெட் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற பட்டியலை நீட்ட வேண்டாம். ஒரு வகுப்பு, ஒரு பாடம், பிள்ளைகள் தடுமாறிய ஓர் இடம் என்று எடுத்துக்கொண்டு, ஜூனில் அவர்கள் எழுதிய விடைத்தாளையும் மார்ச்சில் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அந்தக் கூட்டத்துக்குக் கணித ஆசிரியரையும் அழைத்துப் போங்கள். என்ன மாறியது, என்ன மாறவில்லை என்பதை அவரே சொல்லட்டும்.