நல்ல மாற்றம் வந்துவிட்டால் வன்முறைப் புரட்சி நியாயமாகிவிடுமா?

என் பதில்: ஆகாது. ஆனால் ஆயுதம் எடுப்பதே எப்போதும் தப்பா என்று கேட்டால், அதற்கும் ஆமாம் சொல்ல மாட்டேன். இரண்டும் வேறு வேறு கேள்வி.

நான் மண்டபம் பக்கத்து ஆள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்தவர்களைத் தங்கவைத்த முகாம் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறது, அங்கே பிறந்தவர்களுக்கே இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் புரட்சி என்றதும் எனக்குப் பாரிஸ் ஞாபகம் வராது, எதிர்க்கரை இலங்கைதான் வரும்.

அங்கே ஜே.வி.பி. என்ற சிங்கள இடதுசாரிக் கட்சி 1971-ல் ஒரு தடவை, 1987-லிருந்து 1989 வரை இன்னொரு தடவை ஆயுதம் எடுத்தது. ஆயிரக்கணக்கில் சிங்கள இளைஞர்கள் செத்தார்கள், இவர்களும் கொன்றார்கள், தலைவர் ரோகண விஜேவீர கொல்லப்பட்டார், ஆட்சி மட்டும் கைக்கு வரவில்லை. அதே கட்சியின் அநுர குமார திசாநாயக்க 2024-ல் ஓட்டு வாங்கி ஜனாதிபதி ஆனார், நாடாளுமன்றத்தில் 225-க்கு 159 இடம் அவருடைய கூட்டணிக்கு. அதற்கு வழிவிட்டது 2022-ல் பெட்ரோலுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்று வெறுத்துப்போய்த் தெருவுக்கு வந்த ஜனம். (அதிலும் வீடுகள் எரிந்தன, ஓர் எம்.பி. செத்தார். ஆனால் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபயவை ஓடவைத்தது கூட்டம்தான், துப்பாக்கி இல்லை.)

சரி, விளைவை வைத்தே தீர்ப்பு சொல்வோம் என்றால் மருது சகோதரர்களை என்ன செய்வது? சிவகங்கை முன்பு எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தோடுதான் இருந்தது, 1985-ல்தான் பிரிந்தது. 1801 ஜூனில் வெள்ளைக்காரனை விரட்டச் சொல்லி அறிக்கை ஒட்டினார்கள், அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கில் தொங்கினார்கள், கூட நின்றவர்களைப் பினாங்குக்குக் கப்பலேற்றினார்கள். கும்பினி ஆட்சி முன்னைவிட இறுகியது. பலன் என்று பார்த்தால் ஒன்றும் இல்லை. அதற்காக அவர்கள் செய்தது அநியாயம் என்று இங்கே சொல்லிப் பாருங்கள்!

ஈழத்துக் கணக்குதான் கஷ்டமானது. 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற தனிச் சிங்களச் சட்டம், அதை எதிர்த்துச் சத்தியாகிரகம் இருந்தவர்களுக்கு அடி, 1957-ல் பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் போட்ட பண்டா-செல்வா ஒப்பந்தம் மறுவருடமே கிழிந்தது, 1961-ல் மறுபடி உட்கார்ந்தவர்கள்மேல் ராணுவம். இத்தனை கதவும் சாத்தப்பட்ட பிறகு துவக்கைத் தூக்கிய பையனைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. 1987-ல் வந்த மாகாண சபைகூட அந்தத் துவக்கும் டெல்லியின் நெருக்கடியும் இல்லாமல் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

ஆனால் 1986-ல் புலிகள் இன்னொரு தமிழ் இயக்கமான டெலோவின் பையன்களைச் சுட்டது எந்தச் சிங்கள அரசை எதிர்த்து? 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைச் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றியதை எந்த விடுதலைக் கணக்கில் எழுதுவது? கீழக்கரை, தொண்டிப் பக்கத்து நண்பர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் வருவது அதுதான். 2009 மே மாதம் புலிகள் தோற்றதால்தான் அது அநியாயமாகத் தெரிகிறது, ஜெயித்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். கேட்டிருக்க மாட்டார்கள் என்பது உண்மையாகவே இருக்கலாம். வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் புத்தளத்துக்கு நடந்தவனுக்கு அதில் என்ன மாறியிருக்கும்?