கரண்ட்டோடு இம்யூனோ ஊசி: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றிய கேள்வி பதில்

முப்பது வருடம் கதிர்ச் சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவள் நான். முற்றிய கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றி வந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள் இவை. கரண்ட் என்று நம் ஊரில் சொல்வது கதிர்ச் சிகிச்சையை. இம்யூனோ ஊசி என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்து. ரிப்போர்ட்டைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் டாக்டர்தான்.

செல்வி, தஞ்சாவூர்: டாக்டர், அம்மாவுக்கு 54 வயது. மூன்றாம் நிலை, பி. ஒரு சிறுநீரகம் வீங்கியிருக்கிறது. கரண்ட், கீமோவோடு பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோ ஊசியும் போடலாம் என்கிறார்கள். பலன் இருக்குமா?

இருக்கிறது. அம்மாவைப் போன்றவர்களுக்காகவே நடந்த ஆய்வு கீநோட் ஏ18. மொத்தம் 1,060 பெண்கள். எல்லோருக்கும் கரண்ட், வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து, உள்கதிர் (கருப்பைக்குள் குழாய் வைத்துக் கொடுக்கும் கதிர்) உண்டு. பாதிப் பேருக்கு அதோடு இந்த ஊசி: 3 வாரத்துக்கு ஒரு முறை 5 தடவை, அப்புறம் 6 வாரத்துக்கு ஒரு முறை 15 தடவை. கிட்டத்தட்ட 2 வருடம். மீதிப் பேருக்கு மருந்தில்லாத ஊசி. மூன்று வருட முடிவில் மருந்து போட்டவர்களில் 82.6%, போடாதவர்களில் 74.8% உயிரோடு இருந்தார்கள். 2024 ஜனவரியில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. மூன்றாம் நிலைக்கும் நான்காம் நிலை ஏ-க்கும் இதற்கு ஒப்புதல் கொடுத்தது.

ஏன் வேலை செய்கிறது? இந்த நோய் பெரும்பாலும் எச்.பி.வி. வைரஸால் வருவது. புற்றுச் செல்லுக்குள் வைரஸின் புரதம் இருக்கும். உடம்பின் காவல் செல்களுக்கு அது அந்நியப் பொருள், அடையாளம் தெரியும். ஆனால் காவல் செல்லின் மேல் பிடி-1 என்று ஒரு பிரேக் உண்டு. புற்றுச் செல் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு தப்பிக்கிறது. மருந்து அந்தப் பிடியை விடுவிக்கிறது. கரண்ட் புற்றுச் செல்களை உடைக்கும்போது உள்ளே இருந்தவை வெளியே சிதறும், காவல் செல்கள் எதைத் தேட வேண்டும் என்று கற்றுக்கொள்ளும்.

சிறுநீரக வீக்கத்தை முதலில் கவனியுங்கள். சிஸ்பிளாட்டினுக்கு சிறுநீரகம் நன்றாக வேலை செய்ய வேண்டும். மூத்திரக்குழாய் அடைப்பைத் திறக்க ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் வைக்க வேண்டுமா என்று இந்த வாரமே கேளுங்கள். அப்புறம் ஒன்று, இன்று பலருக்கும் சொல்லப்போகிறேன்: வெளிக்கரண்ட்டும் உள்கதிரும் சேர்ந்து எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும்.

பெயர் வேண்டாம், சேலம்: ஊசி மட்டும் போட்டுக்கொண்டு கரண்ட்டைத் தவிர்க்கலாமா மேடம்?

கூடாது. இந்த நிலையில் நோயைக் குணப்படுத்துவது கரண்ட். ஊசி அதற்குத் துணை.

ராஜேந்திரன், விழுப்புரம்: அண்ணிக்கு 25 கரண்ட் முடிந்துவிட்டது. இங்கே உள்கதிர் வசதி இல்லை, வெளியிலிருந்தே இன்னும் பத்து வைத்துவிடலாம் என்கிறார்கள். இம்யூனோ ஊசியும் போடப்போகிறோம், போதும்தானே?

போதாது. தயவுசெய்து நாளைக்கே உள்கதிர் வசதி உள்ள இடத்துக்குக் கூட்டிப்போங்கள்.

25 தடவையில் இடுப்பு முழுக்கக் கிடைத்தது சுமார் 45 கிரே (கதிரை அளக்கும் அலகு). கர்ப்பப்பை வாயில் இருக்கும் கட்டிக்கு 80, 85 கிரேக்கு மேல் வேண்டும். அவ்வளவையும் வெளியிலிருந்து கொடுத்தால் முன்னால் இருக்கும் மூத்திரப்பையும் பின்னால் இருக்கும் மலக்குடலும் தாங்காது. அதனால்தான் மயக்கம் கொடுத்து, மெல்லிய குழாய் ஒன்றைக் கருப்பைக்குள் வைக்கிறோம். இரண்டு பக்கமும் சிறு குமிழ்கள். மூத்திரப்பையும் மலக்குடலும் தள்ளி நிற்கும்படி காஸ் துணியைத் திணித்துவிட்டு ஸ்கேன் எடுத்துக் கணக்குப் போடுவோம். அப்புறம் கதிர் வீசும் இரிடியம், அரிசி மணி அளவுதான், ஒரு கம்பியின் நுனியில் உள்ளே போய், இடத்துக்கு இடம் சில நொடி நின்று திரும்பும். கதிர் போகும் நேரம் சில நிமிடம்தான். கணக்குப் போட்டு முடிக்கும்வரை அசையாமல் படுத்திருப்பதுதான் பெண்களுக்குக் கஷ்டம். பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொள்ள ஒரு நர்ஸ் இருந்தால் பாதிப் பயம் போய்விடும்.

ஏ18 முடிவுகள் உள்கதிரும் சேர்ந்த சிகிச்சையில் வந்தவை. உள்கதிரை விட்டுவிட்டு ஊசிக்கு மட்டும் செலவழித்தால் அந்த எண்களை எதிர்பார்க்க முடியாது.

வாசு, கரூர்: நூற்றில் எட்டுப் பேருக்காக நிலத்தை விற்கச் சொல்கிறீர்களா டாக்டர்? இது மருந்துக் கம்பெனி பேசும் பேச்சு. என் சித்தி சாதாரண கரண்ட்டிலேயே பன்னிரண்டு வருடமாக நன்றாக இருக்கிறார்.

மீனாட்சி, மதுரை: வாசு அண்ணா, அந்த எட்டுப் பேரில் என் அம்மா இருக்கலாம் இல்லையா? உங்களுக்கு எண், எங்களுக்கு அம்மா. மூன்று ஊசி போட்டாயிற்று. நாலாவதுக்கு நகை அடகில் இருக்கிறது.

இரண்டு பேருடைய பேச்சிலும் நியாயம் இருக்கிறது. வாசு, உங்கள் சித்தி நன்றாக இருப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஊசி போடாதவர்களிலும் நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் மூன்று வருடம் தாண்டினார்கள் என்பதை மேலேயே சொன்னேன். மும்பை டாடா நினைவு மருத்துவமனை மூன்றாம் நிலை பி-யில் 850 பெண்களிடம் செய்த ஆய்வில், கரண்ட்டோடு சிஸ்பிளாட்டின் சேர்த்ததும் ஐந்து வருடம் வாழ்ந்தவர்கள் 46 சதவீதத்திலிருந்து 54 ஆனார்கள். அதுவும் எட்டுதான். விலை மலிவான மருந்து என்பதால் அந்த எட்டை யாரும் கேள்வி கேட்கவில்லை.

இன்னொரு எட்டும் இருக்கிறது. இன்டர்லேஸ் என்ற ஆய்வு, இந்தியாவும் பங்கெடுத்தது, 500 பெண்கள். கரண்ட் தொடங்கும் முன் ஆறு வாரம், வாரம் ஒரு முறை கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல் என்ற இரண்டு கீமோ மருந்துகள். ஏழாவது வாரமே கரண்ட். ஐந்து வருடத்தில் 80% எதிர் 72%. அதில் சேர்ந்த பெண்களில் பெரும்பாலோர் இரண்டாம் நிலை, அதனால் ஏ18-ஐயும் இதையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்க முடியாது. ஆனால் இவை பழைய மருந்துகள், விலை குறைவு. மருந்துக் கம்பெனி பேசுகிற மாதிரி தெரிகிறதா?

மீனாட்சி, அடகு வைத்ததைத் தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் பணம் எங்கே முதலில் போக வேண்டும் என்று வரிசை உண்டு. தினமும் வந்துபோகும் பஸ் செலவு, தங்க ஓர் அறை, ரத்தம் குறைந்தால் ஏற்றுவதற்கான செலவு, உள்கதிர். இதெல்லாம் உறுதியான பிறகு ஊசி. நான் பார்த்த ஒரு அம்மா 19 கரண்ட்டோடு நின்றுவிட்டார். நடவு நேரம், கூலியை விட முடியவில்லை. அட்டையில் 20ஆவது கட்டம் காலியாகவே இருந்தது. ஐந்து மாதம் கழித்து வந்தபோது அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவருக்குத் தேவைப்பட்டது ஆறு நாள் சாப்பாடும் தங்கும் இடமும். அரசுக் காப்பீட்டில் எது எது வரும் என்று மருத்துவமனைச் சமூகப் பணியாளரிடம் நாளைக்கே கேளுங்கள் அம்மா.

வாசு, கரூர்: சரி டாக்டர். குறைந்த டோஸ் போட்டால் போதும் என்று படித்தேனே?

டாடா நினைவு மருத்துவமனை ஆய்வு அது. நிவோலுமாப் என்ற இன்னொரு இம்யூனோ ஊசி, 20 மி.கி. குணப்படுத்த முடியாத தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு. நல்ல ஆய்வு. ஆனால் அதை அப்படியே கர்ப்பப்பை வாய்க்கு, அதுவும் கரண்ட்டோடு, பொருத்த முடியாது.

அனிதா, கோவை: அக்காவுக்கு இந்தச் சிகிச்சையில் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை வயிற்றுப்போக்கு. கரண்ட்டால்தான் என்று மாத்திரை கொடுத்தார்கள்.

கரண்ட்டாலும் வரும், ஊசியாலும் வரும். ஊசியால் வந்தது குடல் அழற்சி என்றால் அதற்கு ஸ்டீராய்டு தேவைப்படலாம். எட்டுத் தடவை என்பது அதிகம். இன்றே மருத்துவமனைக்குப் போங்கள், இம்யூனோ ஊசி போட்டிருப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மூச்சுத்திணறல், மஞ்சள் காமாலை, அசாத்தியச் சோர்வு வந்தாலும் இதேதான். தைராய்டு குறைவது ஊசி நின்ற பிறகும் வரலாம்.

மருத்துவ மாணவர், சென்னை: கல்லா ஆய்வில் டுர்வாலுமாப் ஏன் தோற்றது?

டுர்வாலுமாப் என்ற இன்னொரு இம்யூனோ ஊசியை இதே நோய்க்குக் கரண்ட், கீமோவோடு போட்டுப் பார்த்த ஆய்வு கல்லா. 770 பேர், குறிப்பிடும்படியான பலன் இல்லை. டுர்வாலுமாப் தடுப்பது புற்றுச் செல் பக்கம் இருக்கும் பிடி-எல்1-ஐ, பெம்ப்ரோலிசுமாப் தடுப்பது காவல் செல் பக்கம் இருக்கும் பிடி-1-ஐ. காரணம் அதுதானா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. இரண்டு கட்டுரைகளையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

கண்ணன், திருச்சி: கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தீராதா?

முற்றிய நிலையில் இல்லை. கீமோ கொடுத்து ஆபரேஷன் செய்வதைவிட கீமோவும் கரண்ட்டும் நோயைக் கூடுதலாகக் கட்டுப்படுத்துகிறது என்று டாடா ஆய்வே காட்டியிருக்கிறது.

பிரேமா, ஈரோடு: நுரையீரலுக்குப் பரவியிருக்கிறது. இதே சிகிச்சையா?

அது நான்காம் நிலை பி, வழி வேறு. அங்கே கீமோவோடு சேர்த்து இந்த ஊசி கொடுப்பது உண்டு. கீமோ, ஊசி கொடுக்கும் புற்றுநோய் டாக்டரை (மெடிக்கல் ஆன்காலஜிஸ்ட்) பாருங்கள்.

குமார், நாமக்கல்: ஊசி மட்டும் போட்டால் கரண்ட் வேண்டாம்தானே?

மேலே சேலத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். இதே கேள்வி இன்னும் ஐந்து பேரிடமிருந்து வந்திருக்கிறது. ஐந்து பேருக்கும் அதே பதில்தான்.

லட்சுமி, தேனி: எனக்கே சிகிச்சை நடக்கிறது டாக்டரம்மா. 17 கரண்ட் முடிந்தது. ஊர்த் திருவிழா, ஒரு வாரம் போய்விட்டு வரலாமா?

வேண்டாம் லட்சுமி. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் போய்ச் சாமி கும்பிட்டு வாருங்கள். திங்கட்கிழமை காலை தண்ணீர் குடித்து மூத்திரப்பையை நிரப்பிக்கொண்டு மெஷினுக்கு வந்துவிடுங்கள். அட்டையில் 18ஆவது கட்டம் அன்றைக்கே நிரம்ப வேண்டும்.