நான்காம் இடத்திலிருந்து தங்கம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2018 பியோங்சாங் ஒலிம்பிக் ஜோடி ஸ்கேட்டிங் காணொளியைக் குடும்பத்தோடு பார்த்தோம். ஜெர்மனியின் சாவ்சென்கோ–மாஸோ ஜோடி முதல் நாள் நான்காம் இடம், மறுநாள் தங்கம். எப்படி? கோத்தகிரியில் ரோலர் ஸ்கேட்டிங் பழகும் என் மகளுக்கு அந்தத் த்ரோ ஜம்ப்தான் (ஆண் வீச, பெண் காற்றில் சுற்றி இறங்கும் தாவல்) வேண்டுமாம்!

எஸ்., கோத்தகிரி

அன்புள்ள எஸ்.,

முதல் நாள் கெட்டது ஒரே தாவலில். இருவரும் அருகருகே மூன்று சுற்று சுற்ற வேண்டிய ‘சால்காவ்’ என்ற தாவலை மாஸோ இரண்டோடு முடித்துவிட்டார். அன்றைய மதிப்பெண் அட்டவணையில் மூன்று சுற்றுக்கு 4.4, இரண்டுக்கு 1.3. அருகில் சாவ்சென்கோ முழுதாகச் சுற்றியும் பயனில்லை. இருவரில் குறைந்ததற்கே மதிப்பெண். ஆக 76.59. முதலிடத்தில் சீனாவின் சூயி–ஹான், 82.39.

மறுநாள் 159.31, அப்போதைய உலக சாதனை. மொத்தம் 235.90, சீன ஜோடிக்கு 235.47. வெறும் 0.43!

என் கணிப்பில், ஜெயிக்க வைத்தது அவர்கள் ஆடாமல் விட்ட ஒன்று: டிரிபிள் ஆக்சல் த்ரோ, அதாவது மூன்றரைச் சுற்று சுற்றும் கடினமான த்ரோ. முந்தைய ஜோடி சோல்கோவியுடன் 2014 சோச்சியில் சாவ்சென்கோ அதில்தான் விழுந்தார், வெண்கலம். 2016 நவம்பரில் மாஸோவுடன் அதே த்ரோவில் கணுக்கால் தசைநாரில் காயம். பியோங்சாங்கில் அதைவிட எளிய ஃப்ளிப், சால்காவ் வகை த்ரோக்கள் மட்டுமே. மதிப்பு குறைவுதான், ஆனால் சுத்தமாக இறங்கியதால் தரத்துக்கான கூடுதல் மதிப்பெண் குவிந்தது.

 

த்ரோவில் ஆண் தூக்கி வீசுவதுபோலத் தோன்றும். உண்மையில் பெண் தன் காலை அழுத்தித் தானே எழ வேண்டும். ஆண் அவர் இடுப்பைப் பிடித்து வேகத்தைக் கூட்டுகிறார், அவ்வளவுதான். கை விடுவது சற்றுத் தாமதித்தாலும் உடல் சாய்ந்துவிடும். சாய்ந்தபடி இறங்கினால் அடி முழுவதும் ஒற்றைக் கணுக்காலுக்கு.

எனவே மகள் இப்போதைக்கு த்ரோவைத் தொட வேண்டாம். தனித் தாவலில் இறங்கும் நிலை முதலில் வரட்டும்: பின்னோக்கி ஒற்றைக் காலில், வெளிப்பக்கமாகச் சாய்ந்து, முழங்கால் மடங்கி, மற்றக் கால் பின்னே நீண்டு, மூன்று எண்ணும்வரை அசையாமல். முழங்கால் மடங்காமல் இறங்கினால்தான் உருண்டு போய் விழுவார்கள். மேகம் இறங்கித் தரை நனைந்த நாளில் சக்கரம் பிடிக்காது. அன்று வீட்டுக்குள் வெறுங்காலோடு பழகலாம்.